‘ஊரில எவடம்?’ என்று கேட்கக்கூடாத வீடு

எங்கட ஆக்கள் இரண்டு பேர் லண்டனில் முதன்முதல் சந்தித்தால், பெயர் கேட்கிறதுக்கு முதலே வருகிற கேள்வி ‘ஊரில எவடம்?’ என்பதுதான். சாவகச்சேரி என்றால் சாவகச்சேரியில் எவடம், சந்தைக்குக் கிட்டவோ, கோயிலடியோ, அப்ப இன்ன மாஸ்டரைத் தெரிஞ்சிருக்குமே என்று அது போகும். மூன்றாவது கேள்விக்குள் ஒரு சொந்தத்தைக் கண்டுபிடித்துவிடுவோம். எங்கள் அப்பா அம்மாமார் ஊரை விட்டு வந்த பிறகு இங்கே ஒருவரை ஒருவர் தேடிப் பிடித்துக்கொண்டது இந்தக் கேள்வியால்தான்.

இதே கேள்வியை, கணவனின் அடிக்குத் தப்பி, இரண்டு பிள்ளைகளோடும் ஒரு பையோடும், வெளியில் முகவரி தெரியாத ஒரு வீட்டில் இருக்கிற பெண்ணிடம் கேட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மூன்று கேள்வியில் நாங்கள் அவளின் சொந்தத்தைக் கண்டுபிடிப்போம் என்றால், அவளைத் தேடுகிறவனும் மூன்று போன் கோலில் அவளைக் கண்டுபிடிப்பான். அந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். தமிழ்க் குரல் கேட்டவுடன் முதலில் சந்தோசப்படுவாள். அடுத்த நிமிசம் பயப்படுவாள்.

நான் லண்டனில் பிறந்து வளர்ந்தவள். ஹரோ பக்கம் இருக்கிறேன், இரண்டு பிள்ளைகளின் அம்மா. கிழமையில் இரண்டு நாள் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். ஆஸ்பத்திரி, கவுன்சில், சட்டத்தரணி அலுவலகம், இடையிடையே பெண்களுக்கான பாதுகாப்பு இல்லங்கள் என்று வேலை வரும். இந்த இல்லங்களை இங்கே ‘ரெஃபியூஜ்’ என்பார்கள். கடந்த இரண்டு வருடமாக, லண்டனில் ஒன்றும் மற்றவை தூரத்துச் சிறு பட்டினங்களிலும் கிராமப் பக்கங்களிலுமாகச் சில இல்லங்கள் சேர்ந்து, எல்லாருக்கும் பொதுவான ஒரு கொள்கையை எழுதின. மொழிபெயர்ப்பாளர்கள் சார்பில் என்னையும் அந்த மேசையில் இருத்தினார்கள். இல்லங்களின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் இடம் தெரியும். கீழே வருகிற பெண்களின் அனுபவமும் ஒருத்தியுடையது அல்ல. பல வருடத்தில் பலரிடம் கேட்டவற்றைக் கலந்துதான் எழுதுகிறேன்.

எங்களைப்போல இங்கே பிள்ளை வளர்க்கிற ஆக்களுக்கு இதை ஏன் எழுதவேண்டும்? ஒருநாள் உங்கள் மச்சாளோ, பிள்ளையின் வகுப்புத் தோழியின் அம்மாவோ, கோயிலில் கண்டு சிரிக்கிற அந்தப் புதுப்பெண்ணோ இப்படி ஒரு கதவைத் தட்டவேண்டி வரலாம். அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கும் என்று எங்களில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. தெரியாத இடத்துக்குப் போ என்று ஒருத்திக்கு எப்படித் தைரியம் சொல்வது?

லண்டன் பெண் ஏன் கிராமத்துக்குப் போகிறாள்?

இப்படியான இல்லங்களின் கதை எங்களுக்குப் பக்கத்தில்தான் தொடங்கியது. 1971இல் மேற்கு லண்டனில் சிஸ்விக்கில் எரின் பிட்ஸி என்பவர் ஒரு சிறிய வீட்டைத் திறந்தார். பெண்கள் வந்து இருந்து கதைக்க ஒரு இடம் என்று தொடங்கியது, அடி வாங்கிய பெண்கள் பிள்ளைகளோடு வந்து தங்கும் வீடாக மாறியது. 1979இல் ‘சவுத்தோல் பிளாக் சிஸ்டர்ஸ்’ தொடங்கியது. ஆசிய, ஆபிரிக்க, கரிபியன் பெண்களுக்கு மொழி, வீசா, குடும்ப மானம் என்று வேறு முடிச்சுகளும் உண்டு, பொதுவான ஒரு சேவையால் அவை எல்லாவற்றையும் அவிழ்க்கமுடியாது என்பது அவர்களின் வாதம். 2008இல் ஈலிங் கவுன்சில் அவர்களுக்கான நிதியை மாற்றி, எல்லாருக்கும் பொதுவான ஒரே சேவைக்குக் கொடுக்க முயன்றது. நீதிமன்றம் வரை போனார்கள், கவுன்சில் பின்வாங்கியது.

2021ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனது. பாதுகாப்பான தங்குமிடத்தில் இருக்கிற பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆதரவு கொடுப்பது இங்கிலாந்தின் உள்ளூராட்சிகளின் கடமை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. வன்முறையால் வீட்டை விட்டு வந்தவருக்கு, வீட்டு உதவியில் முன்னுரிமையும் தருகிறது.

ஆனால் லண்டனில் தப்பிய தமிழ்ப் பெண் லண்டனிலேயே இருப்பது லேசில்லை. ஈஸ்ட்ஹாமில் இருந்து வெளிக்கிட்டவளை வெம்பிளியில் விட்டாலும், அங்கேயும் எங்கட கடை, எங்கட கோயில், எங்கட பஸ் தரிப்பு. ஒரு சனிக்கிழமைக்குள் யாராவது கண்டு, ‘உங்கட மனுசியை இஞ்ச கண்டனான்’ என்று போன் எடுத்துவிடுவார்கள். தீமை நினைத்து அல்ல, அன்பாகவே எடுப்பார்கள். அதனாலும், அந்த இரவில் எங்கே அறை காலியாக இருக்கிறது என்பதாலும், அவளை ரயிலில் இரண்டு மூன்று மணித்தியாலம் தள்ளி ஒரு சிறு பட்டினத்துக்கு அனுப்புவார்கள்.

கிராமப் பக்கம் என்றால் அமைதி, பாதுகாப்பு என்று நாங்கள் நினைக்கிறோம். 2019இல் கிராமக் குற்றங்கள் பற்றிய தேசிய வலையமைப்பு ஒரு ஆய்வறிக்கை வெளியிட்டது. கிராமப்புறத்தில் குடும்ப வன்முறை சராசரியாக நகரத்தைவிடக் கால் பங்கு அதிக காலம் நீடிக்கிறது என்று அது சொன்னது. பஸ் இல்லை, உதவி தூரத்தில், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், தெரிந்தும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அந்த இடங்களில் இருக்கிற இல்லங்களும் சிறியவை. சனி ஞாயிறில் ஒரு ஊழியர்தான் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருப்பார்.

அங்கே போய் இறங்குகிற எங்கட பெண்ணை நினைத்துப் பாருங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு பஸ். கறிவேப்பிலை இல்லை, மிளகாய்த்தூள் இல்லை. கடைத்தெருவில் அவள் ஒருத்திதான் எங்கட நிறம். ஒளிந்திருக்கப் போன இடத்தில் எல்லாரும் அவளைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள்.

லண்டன் இல்லத்தில் தமிழ் கதைக்க ஆள் உண்டு, அறை இல்லை. கிராமத்து இல்லத்தில் அறை உண்டு, தமிழ் இல்லை. பொதுவான கொள்கை என்ற யோசனை இந்த இடத்தில்தான் பிறந்தது. அவள் எந்த வீட்டுக்குப் போனாலும், முதல் இரவில் அவளை ஒரே மாதிரி நடத்தவேண்டும். ஒரு வீட்டில் இல்லாததை மற்ற வீடு போனிலாவது கொடுக்கவேண்டும்.

மனவடு

யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்தில் எங்கட சனத்தின் மனநிலை பற்றித் தமிழில் ஒரு நூல் எழுதினார். அதன் பெயர் ‘மனவடு’. எங்களுக்கு அந்தச் சொல் போதும். புண் ஆறிவிடும். வடு கிடக்கும். தொட்டால் உடம்புக்குத் தெரியும்.

மனவடுவை அறிந்து நடத்துவது என்றால் என்ன? அமெரிக்க அரசின் மனநலச் சேவைத் துறை 2014இல் இதற்கு ஆறு அடிப்படைகளை வகுத்தது. பாதுகாப்பு, நம்பிக்கையும் ஒளிவுமறைவின்மையும், அதே துன்பத்தைக் கடந்தவர்களின் துணை, சேர்ந்து முடிவெடுத்தல், அவருடைய குரலுக்கும் தெரிவுக்கும் இடம், பண்பாட்டையும் வரலாற்றையும் கணக்கில் எடுத்தல். காகிதத்தில் வாசிக்க எல்லாம் நல்லாத்தான் இருக்கும். எங்கள் மேசைக்கு வந்த பிரச்சினை வேறு. இந்த ஆறும், ஒரு குசினியில், ஒரு அறைக் கதவில், ஒரு திறப்பில் எப்படித் தெரியவேண்டும்?

ஒவ்வொரு இல்லமும் தன் விதிகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தது. வாசித்தால் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. இரவு இத்தனை மணிக்குள் வரவேண்டும். வெளியில் போனால் எழுதிவிட்டுப் போகவேண்டும். கிழமைக்கு ஒருதரம் அறையைப் பார்ப்போம். இத்தனை மணிக்குப் பிறகு சமைக்கக்கூடாது. இப்படியே நீண்டுகொண்டு போனது. முன்பு இப்படி ஒரு வீட்டில் தங்கியிருந்து, இப்போது இன்னொரு இல்லத்தில் வேலை செய்கிற ஒரு பெண் அங்கே இருந்தார். தமிழர் இல்லை. அவர் எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, ‘என் கணவரும் இதைத்தான் சொன்னார்’ என்று மட்டும் சொன்னார். மேசையில் இருந்த ஒருவரும் சிரிக்கவில்லை.

எனக்குப் பழைய ஒரு போன் அழைப்பு நினைவு வந்தது. இல்லத்தில் இருந்து ஒரு தமிழ்ப் பெண் என்னூடாகக் கேட்டாள்: ‘அக்கா, பிள்ளையைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போகலாமோ எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ.’ அவள் அங்கே வந்து மூன்று கிழமை. மூன்று கிழமையாக அந்தப் பிள்ளை ஜன்னலால் பூங்காவைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. போகக்கூடாது என்று ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை. போகலாம் என்றும் ஒருவரும் சொல்லவில்லை. கேட்டுக்கேட்டே வாழ்ந்த ஒருத்திக்கு, சொல்லாதது எல்லாம் ‘கூடாது’ என்றுதான் கேட்கும்.

என்ன மாறியது

முதலில் கதை சொல்கிற விசயம். ஒரு பெண் இல்லத்துக்கு வந்து சேருவதற்குள் எத்தனை பேரிடம் நடந்ததைச் சொல்கிறாள் என்று எண்ணினோம். உதவி எண், பொலிஸ், ஜிபி, கவுன்சில், சட்டத்தரணி, முதல் இல்லம், இரண்டாவது இல்லம். ஏழு. ஒவ்வொரு முறையும் அதே அடி திரும்ப விழுகிறது. இப்போது எல்லா இல்லங்களுக்கும் ஒரே படிவம். எந்தப் பகுதி அடுத்த வீட்டுக்குப் போகலாம், எது போகக்கூடாது என்று அவளே தெரிவுசெய்வாள். முதல் இரவில் மூன்று கேள்விதான்: இப்ப உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் உடன வேண்டியது என்ன? ஏதும் காயம், மருந்து இருக்கோ? யாராவது உங்களைப் பின்தொடரக்கூடுமோ? மற்றது எல்லாம் நித்திரை கொண்டு எழும்பின பிறகு.

இரண்டாவது, கதவு. அறையின் திறப்பு அவளிடம். ஊழியர் தட்டிவிட்டு, அவள் ‘வாங்கோ’ என்ற பிறகுதான் உள்ளே போகலாம். அறையைப் பார்க்கவேண்டும் என்றால் முதல் நாளே நேரம் சொல்லவேண்டும், ஏன் என்றும் சொல்லவேண்டும்.

மூன்றாவது, தீ எச்சரிக்கை மணி. இப்படியான கட்டடங்களில் அதைக் கிழமைக்கு ஒருதரம் அடித்துப் பார்ப்பது வழக்கம். எங்களுக்கு அது ஒரு இரைச்சல். 2009இல் வன்னியில் பதுங்கு குழிக்குள் இருந்து வந்தவளுக்கு அது இரைச்சல் இல்லை. மணி அடித்தவுடன் பிள்ளையை இழுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போனவர்கள் உண்டு. இப்போது எந்த நாள், எத்தனை மணி என்று அவளின் மொழியில் எழுதிக் கொடுக்கிறார்கள். விரும்பினால் அந்த நேரம் தோட்டத்தில் போய் நிற்கலாம். இதற்கு ஒரு பென்ஸும் செலவில்லை. எந்தச் சத்தம் எந்த வடுவைத் தொடும் என்று ஒருவர் யோசித்தால் போதும்.

நான்காவது, சாப்பாடு. கடுகு தாளித்தால் புகை மணி அடிக்கிறது, கருவாடு பொரித்தால் பக்கத்து அறை முறைப்பாடு. எங்கட பெண்கள் பாணும் பட்டருமாக இருந்துவிடுவார்கள், ஒரு சொல் சொல்லமாட்டார்கள். இப்போது குசினி நேரத்தை வீட்டில் இருக்கிற பெண்களே கூடிப் பேசி வைக்கிறார்கள். லண்டன் இல்லம் அரிசி, பருப்பு, தூள், தேங்காய்ப்பால் என்று ஒரு பெட்டி கட்டி அனுப்புகிறது. அந்தப் பெட்டி போகிறபோது முகவரி கடைக்காரருக்குத் தெரியக்கூடாது என்பதும் கொள்கையில் ஒரு வரி.

ஐந்தாவது எங்கள் தொழில். தமிழ்ச் சனம் சிறியது. மொழிபெயர்க்க வருகிறவர் மாமியாரின் சொந்தமாகக்கூட இருக்கலாம். அதனால் முதலில் அவளிடம் கேட்கவேண்டும்: ஆணா பெண்ணா, இலங்கைத் தமிழா இந்தியத் தமிழா, நேரிலா போனிலா. அவளின் பெயர் எங்களுக்குத் தேவையில்லை. இருக்கிற இடமும் தேவையில்லை. அடுத்த வரியை நானே எழுதினேன்: மொழிபெயர்ப்பாளர் ஊர் கேட்கக்கூடாது. மற்ற மொழிக்காரருக்கு இது விளங்கவில்லை. ஊர் கேட்பதில் என்ன ஆபத்து என்றார்கள். மூன்று கேள்விக் கதையைச் சொன்னேன். பிறகு சோமாலி மொழிபெயர்ப்பாளர் சிரித்துக்கொண்டு, தங்களுக்கும் அப்படித்தான், தாங்கள் பாட்டனின் பெயரைக் கேட்பார்கள் என்றார். அந்த வரியும் சேர்ந்தது.

விதி இல்லாட்டி வீடு நடக்குமா?

எல்லாரும் தலையாட்டவில்லை. ஒரு கிராமத்து இல்லத்தின் பொறுப்பாளர் நேராகச் சொன்னார்: ‘எட்டுக் குடும்பம், ஒரு குசினி, ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும். விதி இல்லாட்டி அடுத்த கிழமை சண்டை. அந்தச் சண்டைக்குப் பயந்து ஒருத்தி திரும்பி அவனிட்ட போவாள்.’ அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவரின் வேலை என்ன என்று லண்டனில் இருந்து கதைக்கிற எங்களுக்கு முழுக்கத் தெரியாது. நிதி எப்ப வரும், எப்ப நிற்கும் என்று தெரியாமல் நடத்துகிற வீடு அது.

அந்த நேரத்தில் ஒருவர் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்து அனுபவத்தைக் கொண்டுவந்தார். அங்கே கிராமப்புறக் காப்பகங்கள் நிறைய. அவர்களின் கூட்டமைப்பு, காப்பகங்களில் விதிகளைக் குறைக்கும் முயற்சி ஒன்றைச் செய்து அதை ஒரு கைநூலாக எழுதியது. பூமி சூரியனுக்குள் போய் விழுந்துவிடவில்லை என்று பொருள்படும் தலைப்பு அதற்கு. விதியைக் குறைத்தால் எல்லாம் குலைந்துவிடும் என்ற பயத்துக்கு அதுதான் பதில். விதியைக் காவல் காக்கிற வேலை குறைய, பெண்களோடு இருந்து கதைக்க ஊழியருக்கு நேரம் கிடைக்கும் என்பது அதன் சாரம்.

எங்கள் மேசையிலும் ஒரு முடிவுக்கு வந்தோம். மூன்று விசயத்தில் வளைந்து கொடுக்க முடியாது. வீட்டின் முகவரி வெளியில் போகக்கூடாது. ஒருவரும் ஒருவர்மேலும் கை வைக்கக்கூடாது, பிள்ளைகள்மேலும் கூடாது. சின்னப் பிள்ளைகளை ஒருவரிடமும் சொல்லாமல் தனியே விட்டுப் போகக்கூடாது. இந்த மூன்றையும் ஏன் என்ற காரணத்தோடு சொல்லவேண்டும். இரவு எத்தனை மணிக்கு வருவது என்பது விதியில் இருந்து எடுபட்டது. ‘இரவு வரமாட்டீர்கள் என்றால் ஒரு மெசேஜ் போடுங்கோ, இல்லாட்டி உங்களுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று பொலிசுக்கு அறிவிப்போம்’ என்று மாறியது. மற்றது எல்லாம் கிழமைக்கு ஒருதரம் வீட்டில் இருக்கிற ஆக்கள் கூடிப் பேசி முடிவெடுப்பது. முறைத்துக்கொண்டு இருந்த பொறுப்பாளர், ஆறு மாதம் பார்ப்போம், சரிவராட்டித் திரும்பவும் கதைப்போம் என்ற நிபந்தனையோடு கையெழுத்துப் போட்டார். அந்த நிபந்தனையும் கொள்கையில் இருக்கிறது.

இந்தக் கூடிப் பேசினதைத் தமிழில் என்ன சொல்வது என்று மண்டையை உடைத்தேன். ‘இல்ல உடன்படிக்கை’ என்று எழுதினேன். முன்பு இல்லத்தில் இருந்த ஒரு அம்மாவிடம் வாசித்துக் காட்ட, ‘என்ன பிள்ளை, காணி உறுதி மாதிரிக் கிடக்கு. பேசி வைச்சது எண்டு போடுங்கோ’ என்றார். அப்படியே போட்டோம்.

பிள்ளைகள்

2021 சட்டத்தில் எனக்கு மிகப் பெரிதாகப்பட்டது ஒரு சின்னப் பகுதி. வீட்டில் நடக்கிற வன்முறையைப் பார்க்கிற, கேட்கிற, அதன் பாதிப்பை அனுபவிக்கிற பிள்ளையும், பெற்றோருக்கோ அடிக்கிறவருக்கோ உறவாக இருந்தால், பாதிக்கப்பட்டவரே என்று அது சொல்கிறது. ‘பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது, நித்திரையில கிடந்தது’ என்று எத்தனை அம்மாமார் சொல்லி மொழிபெயர்த்திருக்கிறேன். பிள்ளைக்குத் தெரியும். படி ஏறுகிற காலடிச் சத்தத்தில் அப்பா இன்றைக்கு எப்படி என்று கண்டுபிடிக்கிற பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன்.

எங்கள் கொள்கையில் பிள்ளைக்கு என்று ஒரு பக்கம் இருக்கிறது. பிள்ளையிடமும் தனியாக ஒருவர் கேட்கவேண்டும்: உனக்கு என்ன வேணும், எதை விட்டுட்டு வந்தனீ? பெரிய ஆம்பிளைப் பிள்ளைகளைப் பல இல்லங்கள் எடுப்பதில்லை. பதினாலு வயது மகனை எங்கே விடுவது என்று யோசித்தே போகாமல் இருக்கிற அம்மாமார் இருக்கிறார்கள். அதற்காக, தனிக் கதவோடு சின்ன வீடாக இருக்கிற இடங்கள் எவை என்ற ஒரு பட்டியலை எல்லா இல்லங்களும் சேர்த்து வைத்திருக்கின்றன.

அதே பக்கத்தில் இன்னொரு வரி: எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளை அம்மாவுக்கு மொழிபெயர்க்கக்கூடாது. கிராமத்து இல்லம் ஒன்று, இரவில் அவசரம் என்றால் வேறு வழி இல்லையே என்றது. நான் இந்த இடத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. எங்களில் பலர் எட்டு வயதிலும் ஒன்பது வயதிலும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு டொக்டரிடம் போய், அம்மாவின் வருத்தத்தை ஆங்கிலத்திலும் டொக்டர் சொன்னதைத் தமிழிலும் சொன்ன பிள்ளைகள். எனக்கு ஒன்பது வயதில், அம்மாவின் வயிற்றில் இருந்த பிள்ளை இனி இல்லை என்பதை அம்மாவுக்கு நான்தான் சொன்னேன். அதற்குத் தமிழில் என்ன சொல் என்று எனக்கு அப்ப தெரியாது. ‘பாப்பா போயிட்டுதாம்’ என்றேன். அம்மா என் தலையைத் தடவினா.

இதை மேசையில் சொன்னபோது ஒருவரும் மறுத்துக் கதைக்கவில்லை. இரவிலும் போனில் மொழிபெயர்ப்பாளரைப் பிடிக்கிற எண் எல்லா இல்லத்திலும் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. சின்ன இல்லங்களுக்கு அந்தச் செலவில் ஒரு பங்கை லண்டன் இல்லம் ஏற்கிறது.

எங்கட பக்கத்தில் இருந்து

கொள்கை அந்த வீடுகளுக்கு உள்ளே. அதற்கு வெளியில் நிற்கிறது நாங்கள். ஒருத்தி போன் எடுத்து ‘என்னால ஏலாமல் கிடக்கு’ என்றால், முதல் இரவுக் கேள்விகள் எங்களுக்கும் பொருந்தும். ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று கேட்கவேண்டாம். அவர் நல்ல மனுசன் எல்லோ என்றும் சொல்லவேண்டாம். ‘நம்புறன். இப்ப என்ன வேணும்? ஆருக்கும் சொல்லமாட்டன்’ போதும். சமாதானம் பேசுகிறேன் என்று அவனுக்குப் போன் எடுப்பதுதான் அவளுக்கு மிக ஆபத்தான உதவி. விட்டுப் போகப் போகிறாள் என்று தெரிந்த நேரம்தான் பல பெண்களுக்கு உயிராபத்தான நேரம்.

வீசா என்ற பயம் எங்கட ஆக்களில் பெரிது. ‘நீ போனால் உன்னைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்’ என்று சொல்லியே அடக்கி வைத்திருப்பார்கள். இங்கே நிரந்தர உரிமை உள்ளவரின் மனைவியாகவோ கணவராகவோ வீசாவில் வந்தவர், வன்முறையால் பிரிந்தால், மூன்று மாதத்துக்கு அரச உதவி பெறும் அனுமதியும், அதற்குள் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கிற வழியும் உண்டு. இந்தச் சலுகை 2012 முதல் இருக்கிறது. ஒவ்வொருவரின் வீசாவும் வேறு என்பதால், விண்ணப்பிக்க முதல் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரைக் கேட்பது நல்லது. அடி மட்டும்தான் குற்றம் என்றும் இல்லை. காசைப் பறித்து வைப்பது, போனைப் பார்ப்பது, அம்மாவோடு கதைக்க விடாதது என்று ஒருவரைக் கட்டுப்படுத்தி வைப்பதும் 2015 இறுதியில் இருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றம்.

தேசிய குடும்ப வன்முறை உதவி எண் 0808 2000 247. இருபத்துநாலு மணித்தியாலமும் இலவசம். ‘தமிழ்’ என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். ஆபத்தில் கதைக்க முடியாத நிலை என்றால், மொபைலில் 999 அடித்து, கேட்கும்போது 55 அழுத்தலாம். ஊரில் இருக்கிற தங்கச்சிக்கு, மச்சாளுக்கு: இலங்கையில் பெண்கள் உதவி எண் 1938, தமிழ்நாட்டில் 181. குடும்ப வன்முறைக்கு எதிரான சட்டம் இலங்கையிலும் இந்தியாவிலும் 2005இலேயே வந்துவிட்டது.

வெள்ளைக்காரர் பழக்கத்தை எங்கட வீட்டுக்குள் கொண்டுவருகிறோம் என்று சில பெரியாக்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் முத்துலட்சுமி ரெட்டியைச் சொல்வேன். 1930களின் தொடக்கத்தில், தேவதாசி முறையில் இருந்து தப்பி வந்த பெண்பிள்ளைகளுக்குத் தங்க இடம் கிடைக்காதபோது, சென்னையில் தன் வீட்டிலேயே அவர்களை ஏற்றார். அதில் இருந்துதான் அவ்வை இல்லம் வளர்ந்தது. சிஸ்விக் வீட்டுக்கு நாற்பது வருடம் முந்தின கதை இது.

இப்போது கொள்கையின் முதல் பக்கம் மட்டும் தமிழில் ஒலியாகவும் இருக்கிறது. வாசிக்கத் தெரியாதவர்களும், வாசிக்க மனம் இல்லாதவர்களும் கேட்கலாம். ஆறு நிமிசம் ஓடும். குரல் என்னுடையது. திறப்பு எங்கே, குசினி எங்கே, மணி எப்ப அடிக்கும் என்று சொல்லிக்கொண்டு போய், கடைசியில் வருகிற பகுதி இது: ‘பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். கடைக்குப் போகலாம். நேரம் போய் எழும்பலாம். ஒருத்தரிட்டையும் கேட்கத் தேவையில்லை.’